95-ஆ, 97-ஆ? பெட்ரோல் எண்ணின் பொருள்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூரை நோக்கிச் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் காப்பார் பட்டணம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இச்சாலையின் இருமருங்கிலும் பால்மரங்களே நிறைந்திருந்தன. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரையும் தோட்ட அலுவலர்களையும் எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதாகும். சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமைக்காகப் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சாலையில் கப்சாயிலும் சிறு காரிலும் வேலைக்குச் செல்கின்றனர். வாகனம் வந்துவிட்டது. அதனுடன் மாதந்தோறும் ஒரு செலவும் வந்து சேர்ந்துவிட்டது.

அச்செலவில் ஒரு பகுதி தேவையற்றது என்பதே நமது கருத்து. எண்ணெய் நிலையத்திற்குச் சென்றால் அங்கே மஞ்சள் நிறக் குழாயில் ரோன் 95-உம், பச்சை நிறக் குழாயில் ரோன் 97-உம் இருப்பதைக் காண்கிறோம். சம்பளம் வாங்கிய கையோடு பச்சைக் குழாயை எடுப்பவரும், மாதக் கடைசியில் மஞ்சளுக்குத் திரும்புபவரும் நம்மிடையே உண்டு. 97 எஞ்சினைக் கழுவும், வேகம் தரும், வண்டி நெடுநாள் உழைக்கும் என்றெல்லாம் சொல்லக் கேட்கிறோம். பிள்ளைக்குச் சத்துணவு வாங்கித் தருவதைப் போன்ற அன்புடன் சிலர் தம் காருக்கு 97 வாங்கி ஊற்றுகின்றனர். அந்த அன்பைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் 97 என்ற எண் எதனை அளந்து கூறுகிறது என்பதை அறிந்துகொண்டால், அந்த அன்பிற்கான பணத்தை வேறு நல்ல செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பால்மரத் தொழிலில் இருக்கும் நமக்கு எண்களைக் கண்டு ஏமாறாதிருக்கும் பழக்கம் உண்டு. புகையூட்டிய ரப்பர் ஷீட்டில் ஒன்றாம் தரம் உயர்ந்தது. ஐந்தாம் தரம் தாழ்ந்தது. அங்கே எண் ஏற ஏறத் தரம் இறங்குகிறது. 1965-இல் நம் நாடு கொண்டுவந்த தரமிட்ட மலேசிய ரப்பர் முறையில் 5, 10, 20 என்று எண்கள் உள்ளன. அவை ரப்பரில் எவ்வளவு அழுக்கு இருக்கலாம் என்பதைக் கொண்டு ஏற்பட்டவை. ஆகவே 20 என்பது 5-ஐ விட மேலானதன்று. பால் கொட்டகையில் கிராணியார் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் படிக்கும் எண்ணோ பாலில் உள்ள ரப்பரின் அளவைக் கூறுகிறது. அங்கே எண் கூடினால் நமக்கு நல்லது. இவ்வாறு எண் எதுவாயினும், "எதனுடைய அளவு இது?" என்று கேட்ட பிறகே அதனை மதிப்பிட வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் மட்டும் அக்கேள்வியை நாம் மறந்துவிடுகிறோம்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடேறுவதைக் கையால் தொட்டு அறிந்திருப்போம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். காரின் சிலிண்டருக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை நெருக்குகிறது. பத்துப் பங்கு இடத்தில் இருந்ததை ஒரு பங்கு இடத்திற்குள் அடக்கினால், அந்த எஞ்சினின் நெருக்க விகிதம் பத்துக்கு ஒன்று என்பர். நெருங்கிச் சூடேறிய கலவைக்குச் சரியான நொடியில் பிளக் தீப்பொறியைக் கொடுக்கிறது. தீ பற்றுகிறது, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, சக்கரம் சுழல்கிறது.

காய்ந்த புல்வெளி ஒன்றின் ஒரு முனையில் தீ வைத்தால் அத்தீ வரிசையாகப் பரவி மறுமுனையை அடையும். சிலிண்டருக்குள் தீ பரவவேண்டிய முறையும் அதுதான். ஆனால் நெருக்கமும் சூடும் மிகுந்துவிட்டால், பிளக்கின் தீ வந்து சேருமுன்னே மறுமுனையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டரின் சுவரிலும் பிஸ்டனின் தலையிலும் மோதுகிறது. ஏற்றத்தில் செல்லும்போது எஞ்சினிலிருந்து சிறு கற்களை டப்பாவில் இட்டுக் குலுக்குவது போன்ற ஓசை சில வேளைகளில் கேட்கிறதல்லவா? அதுவே இந்தத் தட்டல். நெடுநாள் இவ்வாறு தட்டினால் பிஸ்டன் பழுதாகும்.

தானாக வெடிக்காமல், பிளக்கின் தீப்பொறி வரும்வரை பொறுத்திருக்கும் ஆற்றலே ஆக்டேன் எண் குறிப்பது. 95 பொறுமையுள்ள எண்ணெய். 97 அதனைக் காட்டிலும் சற்றுக் கூடுதல் பொறுமையுள்ள எண்ணெய். அவ்வளவே. ஒரு லிட்டரில் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். 97 சூடாக எரிவதுமில்லை, வேகமாக எரிவதுமில்லை. பெட்ரோலின் வலிமையை எண்ணாக அச்சிட்டிருக்கிறார்கள் என்று நினைப்பதே பிழையின் வேர்.

இங்கு ஒரு வியப்பைச் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. இந்த அளவுகோலின் ஒரு முனை மரப்பிசினில் இருந்து பிறந்தது! 1926-இல் அமெரிக்க வேதியலாளர் கிரகாம் எட்கர், பெட்ரோலின் பொறுமையை அளக்க இரண்டு தூய திரவங்களைத் தேர்ந்தெடுத்தார். மிகுந்த பொறுமையுள்ள ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், பொறுமையே இல்லாத ஹெப்டேனுக்குச் சுழி என்றும் வைத்தார். தூய ஹெப்டேன் அந்நாளில் கிடைத்தது மேற்கு அமெரிக்காவில் வளரும் ஜெஃப்ரி பைன் என்னும் மரத்தின் பிசினில் இருந்தேயாகும். பட்டையைச் சீவிப் பிசின் எடுத்துக் கற்பூரத் தைலம் காய்ச்சிய தொழிலாளர்கள், இம்மரத்தின் பிசினைத் தவறுதலாகக் கொப்பரையில் சேர்த்தபோது கொப்பரையே வெடித்ததுண்டு. மரத்தைச் சீவிப் பிழைக்கும் நம்மைப் போன்ற தொழிலாளர்களின் அச்சத்திற்குரிய அந்தப் பிசினே பின்னர் ஆராய்ச்சிக் கூடத்தில் அளவுகோலாயிற்று. ரோன் 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை எஞ்சினில் எவ்வாறு நடந்துகொள்ளுமோ அவ்வாறே இந்தப் பெட்ரோலும் நடந்துகொள்ளும் என்பது பொருள்.

ஈயம் கலந்த காலம்

பெட்ரோலுக்குப் பொறுமை கூட்டுவது முற்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயம் சேர்ந்த ஓர் இரசாயனத்தைச் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டார். 1923-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் 1924-இல் நியூ ஜெர்சி மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் அந்த இரசாயனத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் ஈய நஞ்சினால் சித்தம் கலங்கி இறந்தனர். இருந்தும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் ஈயப் பெட்ரோல் எரிந்தது. அதன் புகையைச் சாலையோரக் குழந்தைகள் சுவாசித்தனர். புரோட்டான் சாகா முதன்முதல் வெளிவந்த அதே 1985-ஆம் ஆண்டில்தான் பெட்ரோலில் உள்ள ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிமுறைகளை நம் நாடு இயற்றிற்று. படிப்படியாகக் குறைந்து ஈயம் இங்கு மறைந்தது. உலகில் கடைசியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021.

இன்று ஆக்டேனைக் கூட்டும் வேலையை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளே வேறு வழிகளில் செய்கின்றன. அதற்குச் செலவு மிகுதி. 97 விலை ஏறியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் எண்கள் மாறிய வரலாறு

மூத்தவர்கள் 97-ஐ விடமாட்டேன் என்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் பெரும்பாலான கார்கள் குடித்தது 97 தான். அதற்குக் கீழே 92 இருந்தது. 97 அந்நாளில் ஆடம்பரமன்று, அன்றாட எண்ணெய். 2009 செப்டம்பர் முதல் தேதி 92 விலக்கப்பட்டு அதன் இடத்தை 95 பிடித்தது. அன்று 95 லிட்டருக்கு 1 வெள்ளி 80 காசு. 97-இன் விலை 2 வெள்ளி 5 காசு. வேறுபாடு 25 காசே. பழகிய எண்ணெயை விட்டுப் புதியதற்கு மாறக் கார் உரிமையாளர்கள் அஞ்சியதும், 25 காசு தானே என்று 97-இலேயே இருந்துவிட்டதும் இயல்பே. மறு ஆண்டு, அதாவது 2010 ஜூலையில், 97-க்கு அரசாங்கம் வழங்கிய உதவித்தொகை நீக்கப்பட்டது. உலகச் சந்தையின் விலைக்கேற்ப அது ஏறி இறங்கத் தொடங்கிற்று. பழக்கம் நின்ற இடத்தில் நிற்க, விலை மட்டும் நடந்து போய்விட்டது.

95 தாழ்ந்த எண்ணெய் என்ற எண்ணம் உடையோர் அயல்நாடுகளைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் 92, 95, 98 ஆகியவை விற்பனையாகின்றன. அங்கே 95 நடுவில் நிற்கிறது. அமெரிக்காவிலோ அளக்கும் முறையே வேறு. அங்கு இருவகைச் சோதனைகளின் சராசரியை எழுதுகின்றனர். ஆகையால் அமெரிக்கர் "பிரிமியம்" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் 91, நம் மஞ்சள் குழாயில் வரும் 95-க்கு ஏறத்தாழச் சமம்! காப்பார்ச் சாலையில் சாதாரணம் என்று ஒதுக்கப்படுவது கலிபோர்னியாவில் உயர்வகை என்று பெயர் பெறுகிறது. பெயர்ப் பலகையை நம்பிப் பணம் கொடுப்பது அங்கும் உள்ள பழக்கம்தான். சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கார்களில் உயர்வகையை ஊற்றி அமெரிக்கர்கள் ஓராண்டில் 210 கோடி டாலரை வீணாக்கினர் என்று அந்நாட்டு மோட்டார் வாகனச் சங்கம் 2016-இல் கணக்கிட்டது.

"97 சுத்தமானது, கழுவும்" என்பாருக்கும் ஒரு விடை உண்டு. எஞ்சினைத் துப்புரவாக வைக்கும் மருந்துகளை எண்ணெய் நிறுவனங்கள் 95-இலும் கலக்கின்றன. கந்தகத்தைக் குறைத்த யூரோ 4எம் தரம் 97-க்கு முன்னதாகவே வந்தது உண்மை. 2020 ஜனவரி முதல் 95-உம் அத்தரத்திற்கு உயர்ந்துவிட்டது.

எந்த வண்டிக்கு எது?

எஞ்சினைச் செய்தவர், அது எவ்வளவு நெருக்கும் என்பதை அறிந்து, எத்தனை ஆக்டேன் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். 95 போதும் என்று எழுதப்பட்ட எஞ்சினில் 97-இன் கூடுதல் பொறுமைக்கு வேலையே இல்லை. ஐந்தடி உயரக் கிளைக்கு எட்டடி ஏணி கொண்டுபோவது போன்றது அது. ஏணி உடையாது, ஆனால் கனி கூடுதலாகவும் கிடைக்காது. நம்மவர் பெரிதும் பயன்படுத்தும் உள்நாட்டுச் சிறு கார்களும், கப்சாய்களும் 95-இல் ஓடத் தக்கவையே. பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவோரும் உளர். கலந்தால் கிடைப்பது 96. அதற்கும் அந்த எஞ்சினில் வேலையில்லை.

விதிவிலக்கு உண்டு. டர்போ பொருத்திய சில கார்களும், நெருக்க விகிதம் மிகுந்த சில வெளிநாட்டுக் கார்களும், பெரிய மோட்டார் சைக்கிள்களும் 97 கேட்கும். பழைய வெளிநாட்டுக் காரை மலிவாக வாங்கும் இளைஞர்கள் வாங்குமுன் இதனைக் கேட்டறிய வேண்டும். கார் மலிவு, எண்ணெய் மலிவன்று. இத்தகைய காரில் 95 ஊற்றினால் என்னாகும்? இக்காலத்துக் கார்களில் தட்டலை உணரும் கருவி உள்ளது. அது தீப்பொறி நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்து எஞ்சினைக் காக்கும். ஆனால் இழுவை குறையும், எண்ணெயும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். அக்கருவி இல்லாத பழைய எஞ்சின் தட்டிக்கொண்டே ஓடும். அப்படிப்பட்ட வண்டிக்கு 97 கொடுப்பது ஆடம்பரம் ஆகாது.

95-க்கென்று செய்யப்பட்ட கார் 95-இலேயே தட்டினால், உடனே பச்சைக் குழாயிடம் ஓடுவது காய்ச்சலுக்குப் போர்வை மாற்றுவது போலாகும். சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கலாம். ரேடியேட்டரில் நீர் குறைந்து எஞ்சின் சூடேறியிருக்கலாம். பொருந்தாத பிளக் போட்டிருக்கலாம். பழைய கார்பரேட்டர் வண்டியானால் தீப்பொறி நேரம் பிசகியிருக்கும். சில வேளை குற்றம் ஓட்டுநர்மீதே இருக்கும்: நான்கு பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, மேம்பாலத்து ஏற்றத்தில் கியரை இறக்காமல் திணறவிட்டால் எந்த எஞ்சினும் முனகும். 97 ஊற்றினால் அந்த முனகல் மறையலாம். நோய் மறையாது. பட்டறைக்குக் கொண்டுசென்று காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நாளொன்றுக்குப் போக வர 30 கிலோமீட்டர் செல்லும் ஒருவர் மாதம் 26 நாள் வேலைக்குச் சென்றால் 780 கிலோமீட்டர் ஓடுகிறார். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 60 லிட்டர் தேவை.

2025 செப்டம்பர் இறுதியில் அரசாங்கம் புடி95 திட்டத்தைத் தொடங்கியது. மைகார்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உடைய குடிமக்களுக்கு அப்போது 95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசாகக் கிடைத்தது. அப்போதைய மாத அளவு 300 லிட்டர். உதவித்தொகை இல்லாதவருக்கு அதே 95-இன் விலை 2 வெள்ளி 60 காசு. 97-ஓ 3 வெள்ளியைத் தாண்டி நின்றது. அவ்விலைகளில் நமது 60 லிட்டருக்கு மஞ்சள் குழாயில் 119 வெள்ளி 40 காசு. பச்சைக் குழாயில் 180 வெள்ளிக்கும் மேல். மாதம் 60 வெள்ளிக்குக் குறையாத வேறுபாடு ஆண்டுக்கு 720 வெள்ளிக்கு மேல் வருகிறது. 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், பதினொரு நாள்களுக்குக் குறையாத உழைப்பு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. விலைகள் ஏறும், இறங்கும். தத்தம் ரசீதைக் கொண்டு தாமே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம்.

இதே கணக்கில் இன்னொரு கசிவும் உண்டு. அது உரிமத்தைப் பற்றியது. உரிமம் காலாவதியாகிவிட்டால் உதவி விலை கிடைக்காது. மேற்சொன்ன விலைகளில் 60 லிட்டருக்கு அதனால் ஏற்படும் இழப்பு மாதம் 36 வெள்ளி 60 காசு. கார் உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்குக் கட்டணம் 30 வெள்ளி! ஒரு மாத இழப்பே ஓராண்டுக் கட்டணத்தை மிஞ்சுகிறது. தோட்டத்திற்குள்ளே ஓட்டுவதற்கு எதற்கு உரிமம் என்று நாளைத் தள்ளிப் போடுவோர், மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் மீண்டும் தேர்வெழுதித் தேற வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கப்சாய் மட்டுமே ஓட்டுபவரின் மோட்டார் சைக்கிள் உரிமமும் இத்திட்டத்திற்குப் போதுமானது.

இனி, நம் வண்டிக்கு வேண்டிய எண் எதுவென்று காண்பது எளிது. பெட்ரோல் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பெரும்பாலான கார்களில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். "ரோன் 95" என்றோ, "95-உம் அதற்கு மேலும்" என்னும் பொருளில் மலாயிலோ அதில் எழுதியிருக்கும். மோட்டார் சைக்கிளானால் அதன் கையேட்டில் பார்க்கலாம். பழைய வண்டியாக வாங்கியதால் கையேடும் இல்லை, ஒட்டுத்தாளும் வெயிலில் மங்கிவிட்டது என்றால், வண்டியின் வகையையும் ஆண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அந்நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.